நெஞ்சுப் பட்டி காற்றை அளப்பதில்லை

"பட்டியில 18தான் காட்டுது, அப்ப பயமில்லைத்தானே?" முட்டு வருத்தக்காரரைக் கூட்டிவரும் வீட்டார், அவர் நெஞ்சில் கட்டிய பட்டி நிமிடத்துக்கு எத்தனை மூச்சென்று எண்ணிக் காட்டும் போனை நீட்டிக் கேட்பது இதுதான். பக்கத்தில் வருத்தக்காரரோ ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் இடையில் நின்று மூச்செடுக்கிறார். முன்பு 30 ஆக இருந்த எண் 18க்கு இறங்கினால் வருத்தம் தணிந்திருக்கலாம். மூச்சுத் தசைகள் களைத்து ஓய்ந்துபோயும் இருக்கலாம். இந்த இரண்டையும் பட்டிக்குப் பிரித்தறியத் தெரியாது.

பட்டிக்குள் இருப்பது கரி கலந்த இழுபடும் றப்பர். நெஞ்சு விரிய இழுபடும், மின்தடை மாறும், கருவி ஒன்று எண்ணும். அவ்வளவுதான். காற்று உள்ளே போனதா என்பது அதற்குத் தெரியாது. தண்ணீர் வற்றிய குழாய்க் கிணற்றிலும் பம்பின் கைபிடி ஏறி இறங்கத்தான் செய்யும், வாளி நிறையாது. குறட்டைக்காரருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைபடும்போதும் நெஞ்சும் வயிறும் போராடும். பட்டி அதையும் மூச்சென்று எண்ணும். அதனால்தான் தூக்கப் பரிசோதனையில் நெஞ்சுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என இரண்டு பட்டி கட்டி, மூக்கில் காற்றோட்டம் பார்க்கும் குழாயும் வைக்கிறோம். (கைக்கடிகாரம் காட்டும் மூச்சு எண் பெரும்பாலும் நாடித்துடிப்பிலிருந்து கணக்கிட்டது. அது இன்னும் ஒரு படி தள்ளி.)

இரத்தத்தில் ஒட்சிசன் பார்க்கும் விரல் கிளிப்பில் 97 இருக்கிறதே என்பார்கள். ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு மூச்சு மோசமான பிறகும் அந்த எண் கனநேரம் நன்றாகவே நிற்கும்.

கட்டுவதையாவது ஒழுங்காகக் கட்டுங்கள். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நிலையில், நெஞ்செலும்பின் கீழ்நுனி மட்டத்தில், இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில். தளர்ந்தால் ஆழமில்லாத மூச்சு தவறிவிடும். மிஞ்சி இறுக்கினால் றப்பர் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும், போனில் மூச்சைக் காட்டும் அலைக்கோடு தட்டையாகிவிடும். போட்டு 10 நிமிடம் பொறுத்து, பேசாமல் இருந்து பாருங்கள். பேச்சும் இருமலும் எண்ணைக் குழப்பும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருக்கோணமலை வெயிலுக்கு, பட்டிக்குப் பதில் நெஞ்சில் ஒட்டும் வகை சென்சர் வியர்வையில் ஓரம் கிளம்பிவிடும். தேங்காயெண்ணெய், பௌடர், தைலம் பூசிய நெஞ்சில் ஒட்டவே வேண்டாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கடற்தொழிலுக்குப் போகிறவர்கள் கரையில் கழற்றி வையுங்கள். உப்பு படிந்த உலோக முனை சில நாளில் பச்சை பிடிக்கும்.

குழந்தைக்குப் பட்டியே வேண்டாம், தயவுசெய்து. சட்டையை உயர்த்தி, அழாத நேரத்தில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பூத்தால், பெரியவருக்கு வசனம் முடியாவிட்டால் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

வரும்போது பெரியவரின் பட்டியைக் கழற்ற வேண்டாம். எண்ணை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு வராமல், போனில் உள்ள அலைக்கோட்டையும் காட்டுங்கள்.