மாட்டு வைத்தியம் குதிரைக்கு ஏன் சரிவராது?

யாழ்ப்பாணத்து வளவுகளில் மாடும் ஆடும் பழகிய சீவன்கள். குதிரை வளர்ப்போர் சிலரே. அதனால் குதிரை வாங்கியவர் முதலில் யோசனை கேட்பது மாடு வளர்க்கும் அயலவரிடம்தான். அவர் சொல்வதில் பாதி பயன்படும். மறுபாதி குதிரையைக் கொன்றும் விடலாம். இரண்டையும் பிரித்தறிய, குதிரையின் வயிறு வேலை செய்யும் ஒழுங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாடு தின்ற புல் முதலில் அசையிரைப்பைக்குப் போகிறது. 100 லீற்றருக்கு மேல் கொள்ளும் அந்தப் பையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைக்கின்றன. இலைகளிலுள்ள சில நச்சுகளையும் சிதைக்கின்றன. சிறுகுடலுக்கு உணவு போவது அதன் பிறகே. குதிரைக்கும் நொதித்தல் உண்டு. ஆனால் அது கடைசியில், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நடக்கிறது. சிறுகுடல் உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சி முடித்த பிறகுதான் நுண்ணுயிர்களின் முறை வருகிறது. ஆகவே நச்சு முதலில் இரத்தத்துக்குப் போய்விடும். போதாததற்குக் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

இப்பில் இப்பில் (சவுண்டல்) மரத்தின் குழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு அது நல்ல தீன். குதிரை தொடர்ந்து தின்றால், அதிலுள்ள மிமோசின் என்ற பொருள் பிடரிமயிரையும் வால்மயிரையும் கொட்ட வைக்கும், குளம்பையும் கெடுக்கும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைக் குழையையும் குதிரைக்கு வெட்டிப் போடக்கூடாது. அலரி எந்த நிறத்ததாயினும் வளவுக்குள் வேண்டாம்; காய்ந்த சருகும் இதயத்தை நிறுத்தும். வெங்காயத் தாளும் கழிவு வெங்காயமும் மாட்டுக்குமே ஆகாதவை. அவை சிவப்பணுக்களை உடைக்கும். கோழித் தீவனத்தைக் குதிரை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கோழிக்கு இரத்தக்கழிச்சல் வராமல் அதில் சேர்க்கப்படும் மொனென்சின் போன்ற மருந்து, சிறிதளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைக்கும்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடும் கேடு தவிட்டில் இருக்கிறது. மலிவு, எங்கும் கிடைக்கும், குதிரையும் ஆசையாகத் தின்னும். ஆனால் 1 கிலோ அரிசித் தவிட்டில் ஏறத்தாழ 16 கிராம் பொசுபரசு இருக்க, கல்சியமோ 1 கிராம் அளவில்தான் உண்டு. குதிரையின் முழு உணவிலும் கல்சியம் பொசுபரசைவிடக் குறையக்கூடாது. ஒன்றரை மடங்காக இருந்தால் நல்லது. குறைந்தால் இரத்தத்துக்குத் தேவையான கல்சியத்தை உடல் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். இதற்குமேல் கினிப்புல்லும் நேப்பியர் இனப் புல்லும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். அவற்றிலுள்ள ஒட்சலேற்று என்ற பொருள் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் அசையிரைப்பையில் அது முன்கூட்டியே சிதைந்துவிடும். குதிரையிலோ கல்சியம் உறிஞ்சப்படும் இடத்தைத் தாண்டிய பிறகே அது சிதைகிறது.

தொடக்கத்தில் தெரிவது இடம் மாறும் நொண்டல்: ஒரு நாள் முன்னங்கால், இன்னொரு நாள் பின்னங்கால். காலில் வீக்கமோ காயமோ இராது. பிறகு மெல்லுவது மெதுவாகும். கடைசியில் முக எலும்பு இருபுறமும் பருக்கும். அந்தக் கட்டத்தில் முகம் பழையபடி திரும்புவது அரிது. ஆகவே 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் தவிடு கொடுக்க வேண்டாம். 1 கிலோ தவிட்டுக்கு 40 முதல் 60 கிராம் என்ற கணக்கில், கால்நடைத் தீவனத்துக்கென விற்கும் சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்க்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு காரமானது, வாயையும் குடலையும் சுட்டுவிடும். அதைத் தொடவே கூடாது. பச்சைப் புல் கினியாக மட்டும் இருந்தால் இந்தத் தூளும் போதாது. அறுகம்புல்லையும் வேறு புற்களையும் கலந்து கொடுங்கள். வைக்கல் பசியாற்றும், ஆனால் சத்துக் குறைவு. அதை மட்டும் நம்ப முடியாது.

அளவை உலர் எடையில் கணக்கிட வேண்டும். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்ந்த நார்த்தீன் தேவை. 300 கிலோ குதிரைக்கு அது 4.5 முதல் 6 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீர் என்பதால் அதன் எடை நான்கைந்து மடங்கு வரும். மாடு போல இரண்டு வேளை வயிறு நிரப்பிக் கட்டிவிட்டால் போதாது. குதிரையின் இரைப்பை சிறியது. அதில் அமிலம் ஓயாமல் சுரக்கும். உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரந்து அந்த அமிலத்தைத் தணிக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருந்தால் இரைப்பைப் புண்ணுக்கு வழி திறக்கும்.

மணற்பாங்கான வளவுகளில் புல்லை நிலத்தில் போடாதீர்கள். புல்லோடு போகும் மணல் பெருங்குடலில் தங்கி வயிற்றுக்குத்தைக் கொண்டுவரும். நிலத்தில் படாமல் விழுந்த இலத்தியில் ஒரு கை அள்ளி, கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் கரைத்து 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால் தீன் தொட்டியை மாற்றவும், மிருக வைத்தியரிடம் சொல்லவும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வயிற்றுக்குத்து வந்த குதிரை நிலத்தைப் பிறாண்டும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும், இலத்தி போடாது. மாட்டுக்குச் செய்வதுபோல இஞ்சியும் ஓமமும் எண்ணெயும் கலந்து போத்தலால் பருக்குவது இங்கே பலருக்கும் முதலில் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் வராமல் நுரையீரலை அடையலாம். பிறகு வரும் நிமோனியாவில் குதிரை சாகும். எண்ணெய் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் வைத்தியர் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டுக் கொடுப்பார். உங்கள் வேலை தீனை எடுத்துவிடுவது, நாடி பார்ப்பது, அழைப்பது. தாடை எலும்பின் அடியில் விரல் வைத்தால் நாடி தட்டுப்படும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இயல்பு. 60ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு. நலமாயிருக்கும் நாளிலேயே இவற்றை அளந்து எழுதி வைத்தால் நோயன்று ஒப்பிடலாம்.

சித்திரை வெயிலில் உப்பின் கதை வேறு. மனித வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. வியர்த்தால் இரத்தம் செறிந்து தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வையில் ஏறத்தாழ இரத்தத்தின் அளவுக்கோ சற்றுக் கூடுதலாகவோ உப்பு உண்டு. நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் இரத்தம் செறிவதில்லை. மூளைக்குத் தாகச் செய்தியும் போவதில்லை. வண்டி இழுத்துக் களைத்த குதிரை தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்புவது இதனால்தான். சாதாரண நாளில் 300 கிலோ குதிரைக்கு 15 கிராம் கறியுப்பு, அதாவது ஒரு மேசைக்கரண்டி, தீனில் கலக்கலாம். நன்றாக வியர்த்த நாளில் 30 முதல் 45 கிராம்வரை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம், பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்போதும் இருந்தால் மட்டும். கோடையில் உவர்ப்பேறிய கிணற்று நீரைக் குதிரை குறைத்தே குடிக்கும். குறைந்தால் குடலில் தீன் காய்ந்து அடைக்கும். வெறும் வாளியை வைத்துவிட்டுப் போகாமல், அது நாளுக்கு எத்தனை வாளி குடிக்கிறது என்று எண்ணுங்கள். ஓய்விலேயே 15 முதல் 20 லீற்றர் வேண்டும். வெயிலில் 30ஐத் தாண்டும்.

சூடேறிய குதிரைக்குக் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடிக்கும் என்பது தவறான பயம். மூச்சு வாங்குவது தணியும்வரை உடல் முழுவதும் ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளின் குளம்பு முருகைக்கல் தரையில் தானாகத் தேயும். வளவில் நிற்கும் குதிரைக்கு அந்த வசதியில்லை. குளம்பு மாதம் 6 முதல் 10 மில்லிமீற்றர் வளர்வதால் 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை வெட்டிச் சீராக்க வேண்டும். மாரியில் அடிக்குளம்பின் நடுவிலுள்ள மெத்தென்ற முக்கோணத்தின் பள்ளங்களில் கரிய, நாறும் கசிவு வரும். காற்றில்லாத இடத்தில் பெருகும் கிருமிகளின் வேலை அது. அதனாலேயே வேப்பெண்ணெய் பூசி மூடுவது எதிர்விளைவு தரும். நாள்தோறும் குதியிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டி, உப்புநீரால் கழுவி, துணியால் ஒற்றி, உலர்ந்த தரையில் நிறுத்துங்கள். வேப்பெண்ணெயின் இடம் தோல். தேங்காயெண்ணெயில் இருபதில் ஒரு பங்காகக் கலந்து, முதலில் சிறு இடத்தில் பூசிப் பார்த்துப் பிறகு பயன்படுத்தினால், சில மணி நேரம் ஈ அண்டாது. இலத்தியை அன்றன்று அள்ளினால் ஈயே குறையும்.

காயத்தில் சாணமும் சாம்பலும் மஞ்சள்தூளும் அப்புவதை நிறுத்த வேண்டும். ஏற்புவலி (டெட்டனசு) நோய்க் கிருமியின் வித்துகள் சாணத்திலும் மண்ணிலும் நிறைந்திருக்கின்றன. அந்நோய் எளிதில் தாக்கும் விலங்குகளில் குதிரை முன்னணியில் உண்டு. கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக் கழுவுவது போதும். ஏற்புவலித் தடுப்பூசி 4 முதல் 6 கிழமை இடைவெளியில் இரண்டு முறையும், பின் ஆண்டுக்கொருமுறையும் போடப்படுகிறது. ஊசி போடாத குதிரைக்கு ஆணி குத்தினால், காயம் எத்தனை சிறிதாயினும் அன்றைக்கே வைத்தியரை அழையுங்கள்.