பேட்டி, நேர்காணல், செவ்வி: மறைந்த தலைவரோடு பேசுவதற்கு எது சொல்?

மறைந்த தேசத் தலைவர்களில் ஒருவரோடு சிறிது நேரம் பேச வாய்ப்புக் கிடைத்தால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? கட்டுரைப் போட்டி, வேலைக்கான தேர்வு, நண்பர்கள் கூடும் இடம் என்று எங்கும் எழும் கேள்வி இது. காந்தி, லிங்கன், மண்டேலா என ஒரு பெயரைச் சொன்னதும் கேள்வி முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பேச்சுக்குத் தமிழில் இருக்கும் பழைய சொல், பெயரை மட்டும் கேட்டு விட்டுவிடுவதில்லை.

முதலில், நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த 'பேட்டி'. இது வடக்கிலிருந்து வந்த சொல். மராத்தியில் 'பேட்', இந்தியில் 'பேண்ட்' என்று வழங்கும் சொல்லுக்குச் சந்திப்பு என்று பொருள். ஒருவருக்கு மரியாதையாகக் கொடுக்கும் பொருளுக்கும் அதே பெயர்தான். வெறுங்கையோடு பெரியவர்களைப் பார்க்கப் போகாத வழக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'பேட்டி' இன்றும் பொதுவாகச் சந்திப்பைக் குறிக்கிறது. தமிழில்தான் அது குறுகி, செய்தியாளர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் நிகழ்ச்சிக்கு மட்டும் உரியதாகிவிட்டது. அமைச்சர் பேட்டி அளித்தார் என்போம். அண்டை வீட்டாரைப் பேட்டி கண்டேன் என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலத்தின் 'இன்டர்வியூ' சொல்லும் இதே வழியில் நடந்து வந்ததுதான். ஒருவரையொருவர் பார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போனது. அன்று அது அரசர்களும் பிரபுக்களும் முறைப்படி சந்தித்துக்கொள்வதற்கான பெயர். பத்திரிகைத் தொழிலுக்கு அது வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அமெரிக்காவில். நியூயார்க் டிரிப்யூன் ஆசிரியர் ஹொரஸ் கிரீலி 1859இல் மோர்மன் சமயத் தலைவர் பிரிகாம் யங்கைச் சந்தித்து, கேள்வி பதிலாகவே அச்சிட்டதை இன்றைய பாணிப் பேட்டிகளின் தொடக்கங்களில் ஒன்றாகக் குறிப்பிடுவார்கள். இந்தக் கிரீலி மறுபடியும் வருவார்.

'நேர்காணல்' தமிழிலேயே ஆக்கிய சொல். பிழையில்லாத ஆக்கம். நீண்ட இலக்கியப் பேட்டிகளுக்கு அது பொருந்திப் போயிற்று. வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் தேர்தலுக்கு வேட்பாளரைப் பொறுக்குவதற்கும் அதே சொல் வந்து உட்கார்ந்ததில், யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்பதுதான் கொஞ்சம் குழம்பிவிட்டது. மறைந்த தலைவர் என்று வரும்போது இன்னொரு சங்கடமும் உண்டு. அவரை நேரில் காண முடியாது. காண்பதுதான் அந்தச் சொல்லின் உயிர்.

இலங்கைத் தமிழ் ஊடகங்களில் வழங்குவது 'செவ்வி'. 'அமைச்சர் வழங்கிய செவ்வி' என்று அங்கே தலைப்பிடுவார்கள். முதன்முறை படிக்கும் தமிழ்நாட்டு வாசகர், 'செவி' என்பதிலிருந்து வந்திருக்கும், காது கொடுத்துக் கேட்பது என்று எண்ணக்கூடும். அழகான ஊகம், ஆனால் தவறு. இதன் வேர் செம்மை. செவ்வையான நிலை, தக்க பருவம், ஏற்ற நேரம் ஆகியவைதான் செவ்வியின் பொருள்கள். மலர் மலர்ந்து, இன்னும் வாடத் தொடங்காத நிலைக்கும் செவ்வி என்றுதான் பெயர். 'மலரினும் மெல்லிது காமம் சிலர்அதன் செவ்வி தலைப்படு வார்' (குறள் 1289) என்பதில் அந்தப் பதத்தைப் பார்க்கலாம்.

காலத்தைக் குறித்த சொல் அரசனைக் காண்பதற்கு எப்படிப் பெயரானது? அதற்கும் குறளே சாட்சி.

'அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம்
பேஎய்கண் டன்னது உடைத்து' (565).

பார்க்க நேரம் கிடைப்பது அரிது, கிடைத்துப் போனாலும் முகம் கடுகடுப்பு. அப்படிப்பட்டவனுடைய செல்வம் பேயின் கண்ணில் பட்டதைப் போன்றது. 'தன்னைக் காண வேண்டுவார்க்குக் காலம் அரியனாய்' என்று பரிமேலழகர் இங்கே செவ்வியைக் காலம் என்றே விரிக்கிறார். ஆள்பவனிடம் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு வாய்க்கும் தக்க நேரம்: சொல்லின் முழுக் கனமும் இதில் இருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவன் 'காட்சிக் கெளியன்' (386). செய்தித்தாளே இல்லாத காலத்தில், தலைவனோடு பேசுவது எவ்வளவு அரிது என்பதை அளக்கத் தமிழில் அருஞ்செவ்வி என்று ஒரு தொடர் இருந்திருக்கிறது.

அதனால்தான் மறைந்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குச் செவ்வியே பொருத்தம் என்பேன். யாரோடு என்று கேட்கும்போதே எந்த நாளில் என்றும் அது கேட்கிறது. ஆபிரகாம் லிங்கனையே எடுத்துக்கொள்வோம். அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தின் வரைவை 1862 ஜூலை 22 அன்று அவர் தம் அமைச்சர்களுக்குப் படித்துக் காட்டினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது; போர்முனையில் வெற்றி ஒன்று கிடைக்கட்டும், அதுவரை வெளியிட வேண்டாம் என்றார் வெளியுறவு அமைச்சர் சீவர்ட். லிங்கன் வரைவை எடுத்து வைத்துவிட்டார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, தம்மைக் குறைகூறி எழுதிய அதே ஹொரஸ் கிரீலிக்குப் பதில் எழுதினார். பிளவுபட்ட அமெரிக்க ஒன்றியத்தைக் காப்பதே தம் நோக்கம்; ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் அதைச் செய்ய முடிந்தால் அப்படியே செய்வேன், எல்லோரையும் விடுவித்துத்தான் முடியுமென்றால் அதையும் செய்வேன் என்பது அதன் சாரம். வரைவு தயாராக இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செப்டம்பர் 17இல் நடந்த ஆன்டீட்டம் சண்டை, அவர் காத்திருந்த வெற்றியாக அமைந்தது. 22ஆம் தேதி பிரகடனத்தின் முன்னறிவிப்பு வெளியாயிற்று.

இப்போது சொல்லுங்கள், லிங்கனோடு பேசப் போகிறவர் எந்த நாளில் போவார்? ஆகஸ்டில் போனால் கிரீலிக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும். அது பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. அக்டோபரில் போகிறவர் வேறு லிங்கனைப் பார்ப்பார். என்னைக் கேட்டால் ஆகஸ்டையே தேர்வேன். ஒரு தலைவர் எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை.

செவ்வி எளிதாக இருந்ததிலும் லிங்கன் பேர்போனவர். தம்மைக் காண வரும் பொதுமக்களின் கூட்டத்தைத் தமது 'பொதுக்கருத்துக் குளியல்' என்றே வேடிக்கையாகச் சொல்லுவார். 1863 ஆகஸ்டில் பிரெடரிக் டக்ளஸ் முன்கூட்டி நேரம் வாங்காமலே வெள்ளை மாளிகைக்குப் போனார். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து, எழுத்தாலும் பேச்சாலும் நாடறிந்தவர் அவர். கூட்டத்தைப் பார்த்து நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தவரைச் சில நிமிடங்களிலேயே உள்ளே அழைத்துவிட்டார்கள். அவர் கேட்டது ஊதியக் கணக்கு: வெள்ளை வீரருக்கு மாதம் 13 டாலர், கறுப்பு வீரருக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். உடனே தீர்வு வரவில்லை. சமமாக்கும் சட்டம் 1864இல்தான் வந்தது. ஆனாலும் தலைவரிடம் என்ன கேட்பது என்று தயங்குகிறவர்கள் டக்ளஸைப் பார்க்கலாம். உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்டு அவர் செவ்வியைப் பாழாக்கவில்லை.

காந்தி என்று சொல்பவரிடமும் அடுத்த கேள்வி அதுதான். சௌரி சௌராவுக்குப் பிறகு ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திய 1922 பிப்ரவரியா, விடுதலை நாளில் கல்கத்தாவில் உண்ணாநோன்பு இருந்த 1947 ஆகஸ்டா? மண்டேலாவானால் நீதிமன்றக் கூண்டில் நின்ற 1964ஆ, சிறையிலிருந்து வெளியே வந்த 1990ஆ?

வழக்கைப் பொறுத்தவரை, பேட்டியைத் துரத்த வேண்டியதில்லை. அது தமிழில் குடியேறி வெகுகாலமாகிவிட்டது. செய்தியாளர் சந்தித்துக் கேட்பதற்கு நேர்காணல் போதும். தலைவரை அணுகி, அவர் காலத்துக்குள் நுழைந்து பேசுவதாக எழுதும்போது 'கற்பனைச் செவ்வி' என்று தலைப்பிடலாம். செவ்வி கேட்டார், செவ்வி கிடைத்தது, செவ்வி வழங்கினார், செவ்வி பார்த்திருந்தார் என்று வினைகள் இயல்பாக ஒட்டும். 'எடுத்தார்' மட்டும் ஒட்டாது. பேட்டியைத்தான் எடுக்கலாம், செவ்வி அவர் தந்தால்தான் உண்டு.