சமன்பாட்டுக்கு முன் விசைப்படம்: கட்டடப் பொறியியல் மாணவர்களுக்குச் சில சொற்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் விடுமுறைப் பயிற்சிக்காக எங்கள் அலுவலகத்துக்கு வருவது வழக்கம். அவர்களிடம் எளிய நிலையியல் கணக்கு ஒன்றைக் கொடுத்தால், பெரும்பாலானோர் முதல் வரியிலேயே சமன்பாட்டை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஃப்ரீ பாடி டயகிராம் எனப்படும் விசைப்படத்தை வரைவதில்லை, அல்லது கணக்கு முடிந்தபின் மதிப்பெண்ணுக்காக ஓர் ஓரத்தில் வரைகிறார்கள். கைப்பேசியில் கிடைக்கும் தீர்வைப் பார்த்து எழுதுவதால் வளர்ந்த பழக்கம் இது. வீட்டுப்பாடம் முடிந்துவிடும், ஆனால் விசை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடும். அதே மாணவர்தான் சில ஆண்டுகளில் ஒரு வீட்டின் கம்பிக்கட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திடப் போகிறார் என்பதால், இதை மதிப்பெண் சார்ந்த விஷயமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

விசைப்படம் வரைவதென்றால், எடுத்துக்கொண்ட பொருளைத் தாங்கிகளிலிருந்து முழுவதுமாகப் பிரித்து, பிரித்த ஒவ்வோர் இடத்திலும் அந்தத் தாங்கி என்ன செய்துகொண்டிருந்ததோ அதற்கு ஈடான விசையை வரைவதாகும். உருளைத் தாங்கி தளத்துக்குச் செங்குத்தான ஒரு விசையை மட்டுமே தரும்; கீல் தாங்கி இரண்டு திசைகளிலும் தரும்; சுவரோடு இறுகப் பிணைந்த தாங்கி அந்த இரண்டோடு, பொருள் சுழலாமல் தடுக்கும் திருப்புத்திறனையும் (மொமென்ட்) தரும். ஒரு தளத்தில் அமைந்த கணக்குக்குச் சமநிலைச் சமன்பாடுகள் மூன்றுதான். படத்தில் தெரியாத விசைகள் மூன்றுக்கு மேல் இருந்தால், கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே வேறு வழி தேட வேண்டும் என்று படமே சொல்லிவிடும்.

4 மீட்டர் நீளமுள்ள, இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஓர் உத்திரத்தில், இடது முனையிலிருந்து 1 மீட்டரில் 12 கிலோ நியூட்டன் பாரம் இருப்பதாகக் கொள்வோம். இடது தாங்கியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் வலது எதிர்விசை 3 கிலோ நியூட்டன், இடது எதிர்விசை 9 கிலோ நியூட்டன் என்று வரும். இவ்விரண்டையும் இடம் மாற்றி எழுதும் மாணவர்கள் பலர். பாரம் எந்தத் தாங்கிக்கு அருகில் இருக்கிறதோ அதுதான் அதிகம் சுமக்கும் என்பதைப் படத்தை ஒரு முறை பார்த்தாலே உணரலாம். கூட்டுத்தொகை 12 வருகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, ஏனென்றால் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை 12 தான்.

எங்கே வெட்டிப் பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்க 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடி இழைப் பாலம் 77 மீட்டர் நீளமுள்ள வில்நாண் வளைவுப் பாலம்; அதாவது வளைவின் இரு முனைகளையும் வில்லின் நாண் போல ஓர் உறுப்பு இழுத்துக் கட்டியிருக்கும். இவ்வகைப் பாலத்தை முழுதாக ஒரே பொருளாக எடுத்து மேலிருந்து வரும் பாரங்களை மட்டும் வைத்துப் படம் வரைந்தால், கிடைமட்ட எதிர்விசை எதுவும் வராது. வளைவு வெளிப்பக்கமாகத் தள்ளும் விசையே இல்லையோ என்று மாணவர் நினைத்துவிடுவார். வளைவின் உச்சியிலும் அதற்கு நேர் கீழே நாணிலும் ஒரே கோட்டில் வெட்டிப் பாதியை மட்டும் வரைந்தால்தான், வளைவில் அமுக்கமும் நாணில் இழுவையும் எதிரெதிராக நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

இனி கேண்டிலீவர், அதாவது ஒரு முனையில் மட்டும் இறுகப் பிணைந்து மறுமுனை தாங்கியின்றி நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். இரு முனைத் தாங்கி உத்திரத்தில் கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடிலும் பால்கனியிலும் மேல்பக்கம் இழுபடுகிறது. அதனால் முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் சட்டியோடு அந்தக் கம்பியின் மேலேயே நடப்பதையும், அதை மேலே தூக்கி நிறுத்தும் தாங்கு கம்பி போதிய அளவு இல்லாததால் அது மிதிபட்டுத் தாழ்ந்து அடியில் உள்ள அச்சுப் பலகையைத் தொடும் அளவுக்கு இறங்குவதையும் நம் மாவட்டத்து வேலைத்தளங்களில் பார்த்திருக்கிறேன். 100 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் பலகத்தில் 80 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 40க்கு இறங்கினால், தாங்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அடியோடு அடியாகப் படிந்துவிட்டால் இழுவையைத் தாங்க அங்கே கம்பியே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். பெண்டிங் மொமென்ட் (வளைக்கும் திருப்புத்திறன்) படத்தை இழுபடும் பக்கத்தில் வரைந்து பழகிய மாணவருக்கு இது யாரும் சொல்லாமலே புரியும். வீட்டுக்காரர் மூன்றடி பால்கனியை ஐந்தடியாக்கக் கேட்கும்போதும் அதே வீட்டுப்பாடம்தான் கைகொடுக்கும்: சீரான பாரத்துக்கு மொமென்ட் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது ஏறத்தாழ 2.8 மடங்காகிவிடுகிறது. கம்பியைச் சற்றுக் கூட்டினால் போதும் என்று அந்த இடத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிடக் கூடாது.

அலகுகளையும் சொல்ல வேண்டும். 1966இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பார்க்காத மாணவர் இங்கே இருக்க மாட்டார். அதைப் போன்ற ஒரு தொட்டியில், கணக்குக்காக 2 மீட்டர் அகலத்தில் 1 மீட்டர் ஆழம் தண்ணீர் ஓடுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் ஒன்றுக்கு 2000 கிலோ. அதை 2 கிலோ நியூட்டன் என்று எழுதுபவர் உண்மைப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே கணக்கில் எடுக்கிறார், சரியான விடை 19.62. அதே தண்ணீர் பக்கச் சுவரை முக்கோண வடிவ அழுத்தத்தோடு தள்ளும்; மீட்டருக்கு 4.9 கிலோ நியூட்டன், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். மேல் விளிம்பில் பிடிப்பு ஏதுமில்லை என்று கொண்டால் அந்தச் சுவரும் ஒரு கேண்டிலீவர்தான். இழுவை உள்பக்கம், தண்ணீர் படும் பக்கம். நீரின் ஆழம் இரட்டித்தால் சுவரடியில் மொமென்ட் எட்டு மடங்காகும். ஏன் நான்கு மடங்கல்ல என்பதை மாணவர் தாமே படம் வரைந்து கண்டுபிடிக்கட்டும்.

கைப்பேசித் தீர்வைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்வதில்லை. படத்தை வரைந்து, ஒவ்வொரு விசைக்கும் திசை குறித்து, எந்தத் தாங்கி அதிகம் சுமக்கும், எந்தப் பக்கம் இழுபடும் என்று பென்சிலால் எழுதி வைத்த பிறகு பாருங்கள். எங்களிடம் வரும் பயிற்சி மாணவர்களின் தாளில் நான் முதலில் பார்ப்பதும் அந்தப் பென்சில் குறிப்பைத்தான். விடையை அதற்குப் பிறகுதான் திருத்துகிறேன்.