காவலுக்கு உச்சி ஆகாது

சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உச்சிப் பாறையில் 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆக, சுமார் 46 கிலோமீட்டர் தெரிய வேண்டும். போன ஞாயிறு எனக்குத் தெரிந்தவை மரங்களும் ஒரு குரங்கும்தான்.

மரங்களை வெட்டினாலும், உச்சியில் நின்று காவல் காப்பவரின் சிக்கல் தீராது. தூரம் தெரியும், காலடி தெரியாது. தேக்கா கடையில் வாங்கிய இட்லியின் நடுவில் ஓர் எறும்பு நிற்கிறது என்று வையுங்கள். தட்டின் ஓரம் அதற்குத் தெரியும். இட்லியின் விளிம்பைத் தொற்றி ஏறிவரும் இன்னோர் எறும்பு தெரியாது. புடைத்த சரிவு பார்வையை மறித்துவிடுகிறது. கவிழ்த்த புனல்போல் உட்குழிந்த சரிவென்றால் அடிவரை தெரியும். வரைபடத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம்: சமவுயரக் கோடுகள் உச்சியருகே நெருங்கினால் புனல், அடிவாரத்தில் நெருங்கினால் இட்லி.

அதனால்தான் காலாட்படையினர் உச்சியில் குழி தோண்டுவதில்லை. அடிவாரம் கண்ணுக்கு அகப்படும் இடம்வரை சற்று இறங்கித் தோண்டுகிறார்கள். வானத்தின் பின்னணியில் தலை கறுப்பாகத் தெரியும் ஆபத்தும் அங்கே இல்லை. அப்படியும் சில பள்ளங்கள் தப்பிவிடும். தோட்டா ஏறக்குறைய நேராகப் பாய்வதால் அங்கே எட்டாது. மோர்ட்டார் என்ற சிறுபீரங்கியின் குண்டு எட்டும். அதன் குழாயை 45 பாகைக்கு மேல் நிமிர்த்த நிமிர்த்த, குண்டு உயரே போய்ப் பக்கத்திலேயே செங்குத்தாக விழும்.

இருட்டில் குறிபார்க்க முடியாது. இயந்திரத் துப்பாக்கியின் திசையைப் பகலிலேயே பூட்டி வைத்துவிடுவது இதற்காகத்தான். இருட்டில் வந்த தாக்குதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதல் காலத்தில், மலேசியாவின் சரவாக் எல்லையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் இருந்த பிளாமான் மாப்பு குன்றுக் காவல்தளம், 1965 ஏப்ரல் 27 விடியுமுன், கொட்டும் மழையில் இந்தோனேசியப் படையினரால் தாக்கப்பட்டது. பிரிட்டிஷ் வான்குடைப் படையினர் சிலரே அங்கிருந்தார்கள். தளத்துக்குள் புகுந்தவர்களை விரட்டி, குன்றைக் காத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் அப்போது மலேசியாவுக்குள் இருந்தது.

தேசிய சேவையில் எனக்கும் ஒரு சரிவைக் காட்டி, குழிக்கு இடம் பார்க்கச் சொன்னார்கள். நின்று பார்த்தேன், முழுச் சரிவும் தெரிந்தது. பெருமையாக மண்வெட்டியை ஊன்றினேன். "தம்பி, சுடப்போவது நின்றுகொண்டா?" என்று கேட்டார் சார்ஜண்ட். வயிறு மண்ணில் படப் படுத்தேன். பாதிச் சரிவைக் காணவில்லை. நான்கு எட்டு கீழே போய்த் தோண்டினேன்.