முருங்கைப் புரதம் போர்த்திய தங்கம்: நஞ்சு எதில் இருக்கிறது?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் இன்று மின்னணுத் தராசு இருக்கிறது. பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்த காலமும் உண்டு. அந்தச் சிவப்பு விதைக்குள் ஆப்ரின் என்றொரு புரதம் இருக்கிறது. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமையே முடக்கிவிடும் கொடிய நஞ்சு அது. நானோ தங்கத்தோடு, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தங்கத் துகளோடு, தாவரப் புரதத்தைச் சேர்த்துவிட்டு, "இயற்கைப் பொருள்தானே, தீங்கு செய்யாது" என்று சொல்லும் முன் இந்த விதையை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். சோதித்துத்தான் சொல்ல முடியும்.

நம் பக்கத்து முருங்கை விதையையே எடுத்துக்கொள்வோம். அதன் பருப்புப் பொடி கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும். அதிலுள்ள புரதம் நேர்மின்சுமை கொண்டது, களிமண் துகள் எதிர்மின்சுமை கொண்டது. இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் தங்கிவிடும். சிட்ரேட் முறையில் செய்த தங்கத் துகளுக்கும் எதிர்மின்சுமைதான். அதனால் தண்ணீரைத் தெளிய வைக்கும் அதே குணம் இங்கே தங்கத்தையும் திரள வைத்துவிடும்.

தங்கத் துகள் செய்யும் முறையை டர்கெவிச் குழுவினர் 1951-இல் விளக்கினார்கள். இன்று ஆய்வகங்களில் தங்கம் கரைந்திருக்கும் 1 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலக் கரைசல் 20 மில்லியைக் கொதிக்க விட்டு, 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் 2 மில்லியைச் சட்டென்று ஊற்றுவார்கள். வெளிர்மஞ்சள் மறைந்து, கருத்து, சில நிமிடங்களில் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். துகள்கள் 20 நானோமீட்டருக்குள், ஒளி உறிஞ்சல் உச்சம் 520 நானோமீட்டர் அருகே. கண்ணாடிக் குடுவையை முன்பே ராஜ திராவகத்தில் (தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவை) கழுவி, வடிநீரில் அலச வேண்டும். உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் கலந்தால் சிவப்பு நீலமாகும். துகள்கள் ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம்.

புரதத்தையும் டயாலிசிஸ் செய்து, அதாவது நுண்துளைச் சவ்வின் வழியே உப்பை வெளியேற்றியே சேர்க்க வேண்டும். அளவு குறைந்தால் ஒரே புரதம் இரண்டு துகளுக்குப் பாலமாகி எல்லாம் நீலமாகும். போதுமான அளவு இருந்தால் ஒவ்வொரு துகளும் முழுதாகப் போர்த்தப்பட்டுச் சிவப்பாகவே நிற்கும். அளவு கண்டுபிடிக்க, சிறு குழாய்களில் 1 மில்லி தங்கம் வீதம் எடுத்து, புரதத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சேர்த்து, பத்து நிமிடம் கழித்து 10 சதவீத உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். நிறம் மாறாத முதல் குழாயின் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும்.

பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித் துகளை அடியில் இறக்க வேண்டும். மேலே நிற்கும் தெளிநீரைக் கொட்டிவிடாதீர்கள்! ஒட்டாத புரதமும் மிச்ச வேதிப்பொருளும் அதில்தான் இருக்கின்றன. போர்த்திய துகள், வெறும் சிட்ரேட் துகள், தனிப் புரதம், இந்தத் தெளிநீர் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தால்தான் செல்லைக் கொன்றது எது என்று தெரியும்.

செல் சோதனையில் பரவலாகப் பயன்படுவது எம்டிடி என்ற சாயம். செல்களை வளர்க்கும் தட்டில் உள்ள சிறு குழிகளைக் கிணறு என்பார்கள். உயிருள்ள செல் மஞ்சள் எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானாக மாற்றும், அதை 570 நானோமீட்டரில் அளப்பார்கள். தங்கமும் அந்த இடத்தில் ஒளியை உறிஞ்சும். கிணற்றடியில் படிந்த துகள் அளவைக் கூட்டிக் காட்டும், செத்த செல்லும் உயிரோடிருப்பது போலத் தோன்றும். செல்லே இல்லாத கிணறுகளிலும் அதே அளவு துகளை விட்டு, அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாத முடிவை நம்பக்கூடாது. துகள் சிவப்பணுக்களை உடைக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனையில் வேறொரு தொல்லை. முருங்கை விதையில் லெக்டின்கள் என்ற, சர்க்கரையைப் பற்றும் புரதங்களும் உண்டு, அவை சிவப்பணுக்களை ஒட்டவைக்கும். சிவப்பணு உடைந்ததா, ஒட்டியதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து வரிக்குதிரை மீன் கரு. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 236-ஆம் சோதனை வழிமுறைப்படி ஒவ்வொரு செறிவுக்கும் 20 முட்டைகள், கிணற்றுக்கு ஒன்று, 96 மணி நேரம். முட்டை திரிந்து வெளுத்துப்போதல், உடற்கணுக்கள் (முதுகோரம் வரிசையாக உருவாகும் திசுத் துண்டுகள்) உருவாகாமை, மஞ்சள்கருப் பையிலிருந்து வால் பிரியாமை, இதயம் துடிக்காமை ஆகியவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். வெப்பநிலை 26 டிகிரி, ஒரு டிகிரி கூடவோ குறையவோ செய்யலாம். மதுரை சித்திரை வெயிலில் குளிரூட்டும் இன்குபேட்டர் இல்லாமல் இது நடக்காது, சூட்டில் செத்த கருவின் பழி தங்கத்தின் மேல் விழும். மீன் நீரின் உப்பில் துகள் திரண்டாலும் ஏமாற்றம்தான். பெரிய திரள்கள் முட்டை உறையின் நுண்துளைகளில் நுழையாது, கரு பிழைத்துக்கொள்ளும், பொருள் பாதுகாப்பானது என்று தப்பாகப் பதிவாகும். ஒவ்வொரு நாளும் அந்த நீரில் நிறமாலை எடுத்து, 520 உச்சம் நகர்ந்ததா என்று பாருங்கள்.

சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, லிட்டருக்கு 4 மில்லிகிராம் 3,4-டைகுளோரோஅனிலின் என்ற தெரிந்த நஞ்சில் வைத்த முட்டைகளும் கூடவே இருக்கும். அவற்றில் குறைந்தது 30 சதவீதம் சாக வேண்டும், நஞ்சில்லாத நீரில் 90 சதவீதமாவது பிழைக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த முடிவு செல்லாது, புது முட்டைகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.