ஒல்லியானவர் கல்லீரலில் கொழுப்பு ஏறுவது எப்படி?

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. அருகருகே இரண்டு ஆய்வாளர்கள்: பிரிட்டனின் ஜான் யுட்கின், புனேவின் சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் பி.எம்.ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) ஒன்றேதான், 22.3. எடை மிஷினைக் கேட்டால் இரண்டு பேருமே நார்மல். ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

குண்டானவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும்தான் ஃபேட்டி லிவர் வரும் என்று நினைப்பவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். மேற்கு வங்கக் கிராமங்களில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரலில் கொழுப்பு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் பி.எம்.ஐ 25-க்குக் கீழேதான் இருந்தது.

சரி, கொழுப்பு எங்கிருந்து வருகிறது? கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தென்பட்டால் அது ஃபேட்டி லிவர். அந்தத் துளிகளின் பூர்வீகத்தை நோயாளிகளிடம் தேடிய ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. சுமார் 59 சதவீதம், உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தத்தில் கசிந்து வந்தது. 26 சதவீதம், மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கல்லீரல் தானே தயாரித்தது. சாப்பாட்டிலுள்ள எண்ணெய், கொழுப்பிலிருந்து நேராக வந்தது வெறும் 15 சதவீதம். எண்ணெயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு ஒரு நல்ல கிடங்கு. அதன் கொள்ளளவு ஆளுக்கு ஆள் மாறும். சிறிய கிடங்கு உள்ளவருக்கு அது சீக்கிரம் நிரம்பி, மிச்சம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. கிடங்கின் கதவை மூடி வைப்பது இன்சுலின். உடம்பு அதன் பேச்சைக் கேட்க மறுத்தால் கதவு சரியாக மூடாது, கொழுப்பு கசிந்துகொண்டே இருக்கும். ஈடுகட்ட கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலினோ கல்லீரலைப் பார்த்து 'கொழுப்பு தயாரி' என்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இங்கே தசையும் முக்கியம். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். உடல் உழைப்பு போய் நாற்காலி வேலை வந்ததும் அந்த வாடிக்கையாளர் சுருங்கிவிடுகிறார். மீந்த சர்க்கரை கல்லீரல் தலையில் விழுகிறது. இனிப்புப் பானங்களிலுள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இன்னும் மோசம், அதில் பெரும்பங்கைக் கையாள்வதே கல்லீரல்தான்.

இதெல்லாம் எந்த நாட்டுக்கும் பொருந்தும். வேகமாக முன்னேறும் சமூகங்களில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது, அது கருவறையிலேயே தொடங்குகிறது. யாஜ்னிக் குழுவினர் புனே பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. குறைந்திருந்ததில் தசைதான் அதிகம்; தோலடிக் கொழுப்பில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. ஒல்லியான, ஆனால் கொழுப்புள்ள குழந்தை! தட்டுப்பாட்டுக்குத் தயாராகிப் பிறந்த உடம்பு அது. முன்னேற்றம் மெதுவாக நான்கு தலைமுறைகளில் வந்திருந்தால் தாய்மார்களின் ஊட்டமும் கூடவே தேறியிருக்கும். ஒரே தலைமுறையில் வந்ததால், பற்றாக்குறைக்குப் பழகிய உடம்பு நிறைவான தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறது.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவின் ஒரு வகை கல்லீரலில் கொழுப்பைத் தேங்க வைக்கிறது என்று 2008-ல் தெரியவந்தது. ஆனால் முப்பது வருடங்களில் மரபணு மாறிவிடாது, மாறியது வாழ்க்கைதான்.

எடையை மட்டும் நம்ப முடியாது என்பதால் இடுப்பளவையும் பார்க்கிறார்கள். தெற்காசியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80. அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு நார்மல் என்று ரிப்போர்ட் வந்தாலும் உள்ளே கொழுப்பு இருக்கலாம்.

அப்புறம் இன்னொரு விஷயம். தேறுவதற்கு, உடம்பு இளைக்கும்வரை கல்லீரல் காத்திருப்பதில்லை. இன்சுலினுக்குத் தசை சரியாக ஒத்துழைக்காத ஒல்லி இளைஞர்களை ஒரே ஒரு தடவை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அதற்குப்பின் சாப்பிட்டபோது, அவர்களின் கல்லீரல் புதிதாகத் தயாரித்த கொழுப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. சர்க்கரை மறுபடி தசைக்குப் போயிருந்தது.