மறக்கப்போகும் சொல்லைச் செயலி எப்படி அறிகிறது?

"ஆன்கி செயலியில் ஜெர்மன் சொற்களைப் பழகுகிறேன். நன்றாகத் தெரிந்துவிட்ட சில சொற்கள்கூட ஓயாமல் வந்து நிற்கின்றன. செயலியில் கோளாறா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். ஆன்கி என்பது சொற்களை அட்டைகளாகக் காட்டும் நினைவுப் பயிற்சிச் செயலி. ஒவ்வொரு அட்டைக்கும் விடை பார்த்தபின் 'மீண்டும்', 'கடினம்', 'நன்று', 'எளிது' என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். கோளாறு இல்லை. எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்பதில்தான் விடை இருக்கிறது.

படித்தது முதல் நாளிலேயே மளமளவென்று மறக்கும், பிறகு மறதி மெதுவாகும். இதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மையே சோதித்து அளந்து காட்டினார். மறக்கும் தறுவாயில் ஒருமுறை முயன்று நினைவுகூர்ந்தால் அடுத்த மறதி தள்ளிப்போகும். அந்தத் தறுவாய் எப்போது வரும் என்பதைக் கணிக்க, போலந்தின் பியோட்டர் வோஸ்னியாக் 1987-இல் எஸ்எம்-2 என்ற கணக்கை அமைத்தார்.

கணக்கு மிக எளியது. முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியை 2.5-ஆல் பெருக்க வேண்டும்: 15, 38, 95, 238. இந்தப் பெருக்கலில்தான் அழகே இருக்கிறது. தினமும் 20 புதிய சொற்களைச் சேர்க்கிறீர்கள், எதையும் மறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 23-ஆம் நாளில் திருப்பிப் பார்க்க வேண்டிய பழைய சொற்கள் 60. 61-ஆம் நாளில் 80. 394-ஆம் நாளில் கையிருப்பு 7,800-ஐத் தாண்டியிருக்கும், ஆனால் அன்று பார்க்க வேண்டியவை 120 மட்டுமே! கூட்டலாக வளரும் சொற்குவியலைப் பெருக்கலாக வளரும் இடைவெளி அடக்கிவிடுகிறது. (உண்மையில் மறதியும் சேரும், அதனால் எண்ணிக்கை இதைவிடக் கூடும்.)

அந்த 2.5 எல்லாச் சொல்லுக்கும் நிலையானதல்ல. எஸ்எம்-2-ஐத் தழுவிய ஆன்கியின் பழைய கணக்கில் 'கடினம்' அழுத்தினால் 0.15 குறையும், 'மீண்டும்' அழுத்தினால் 0.20 குறையும். 'எளிது' மட்டுமே 0.15 கூட்டும். 'நன்று' எதையும் மாற்றாது. சற்றுத் தயங்கியதற்கெல்லாம் 'கடினம்' அழுத்துபவர் எட்டே முறையில் கடைசிப் படியான 1.3-க்கு இறங்கிவிடுவார். பிறகு எத்தனை 'நன்று' அழுத்தினாலும் அது ஏறாது. 10 நாள் இடைவெளியில் உள்ள சொல் நான்கு சுற்றில் 2.5-இல் ஓராண்டைக் கடக்கும், 1.3-இல் 29 நாளில் நிற்கும். வாசகரின் சொற்கள் மாட்டியிருப்பது இங்கேதான்.

2023-இல் ஆன்கியில் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கை அமைப்புகளில் இயக்கினால் இந்தப் பொறி பெரும்பாலும் அகலும். ஆனால் 'கடினம்' என்றால் "சிரமப்பட்டேன், ஆனாலும் நினைவு வந்தது" என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். மறந்த சொல்லுக்கு அதை அழுத்தினால் இடைவெளி வீணாக நீளும். மறந்தால் 'மீண்டும்', வேறெதுவும் கூடாது.

உண்மையாகவே எட்டு முறை மறந்த சொல்லைச் செயலி தானாக அடையாளமிடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். ஒதுக்கியதை உடனே திரும்பச் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் இன்னொரு சொல் அதோடு மோதிக்கொண்டிருக்கும். 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. வேறுபாடு குறில் நெடில் மட்டுமே, அது தமிழ்க் காதுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் அட்டையில் எழுத்து மட்டும் இருந்தால் காதுக்கு அங்கே வேலையே இல்லை. மொழிக்கூடங்களுக்குத் திரைகள் வாங்கும் பணத்தில் ஒரு பங்காவது நல்ல ஒலிப்பதிவுகளுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மோதும் இரு சொற்களில் ஒன்றை மூன்று வாரம் நிறுத்தி வையுங்கள். மற்றதை ஒலியோடும் ஒரு சிறு வாக்கியத்தோடும் பழகுங்கள். அது ஊன்றிய பிறகு நிறுத்தியதை உள்ளே விடுங்கள்.